வழுக்கை

'வழுக்கு' என்னும் வினையடியிலிருந்து பிறந்த 'வழுக்கை', வழவழப்பான, பிடிமானமற்ற பரப்பைக் குறிப்பது. மன்னார்குடிக் கடைத்தெருவில் இளநீர் வெட்டுபவர் மட்டைச் சில்லால் வழித்துத் தரும் இளந்தேங்காய்ச் சதைக்கும், மயிர் நீங்கிய ஆடவர் தலைக்கும் ஒரே சொல் வழங்குவது அதனாலேயாகும். பெண்களின் முடி இழப்புக்கு இச்சொல் பொருந்துவதில்லை. முன்நெற்றி மயிர்க்கோடு பெரும்பாலும் நிலைத்திருக்க, வகிடு அகன்று உச்சிமுடி மட்டும் அடர்த்தி குறைவதால், 'முடி மெலிவு' என்பதே நேரிய பெயர் என்பதோடு, 'வழுக்கை' எழுப்பும் வீண் அச்சத்தையும் அது தவிர்க்கும்.

முகப்பருவிலும் இம்மெலிவிலும் பங்குகொள்ளும் ஆண்ட்ரோஜன், 'ஆண்' என்னும் தமிழ்ச் சொல்லோடு ஒலியால் ஒத்திருப்பினும், ஆடவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. பெண்ணுடலிலும் அது இயல்பாகச் சுரக்கிறது. அந்த ஹார்மோன் சென்று பற்றும் ஏற்பிகளைத் தோலளவிலேயே மறிக்கும் கிளாஸ்கோடெரோன் 1% களிம்பு, 2020 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது பருவுக்காகவே, முடி மெலிவுக்கன்று. தலையில் நெடுங்காலமாகத் தடவப்பட்டுவரும் மினாக்சிடிலோ ஆண்ட்ரோஜன் தடுப்பி வகையைச் சேர்ந்ததன்று. அவ்வகையில் உட்கொள்ளப்படும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை, கருவிலுள்ள ஆண் சிசுவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால், கருவுற்ற பெண்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டியதாகும்.