குட்டீஸ் ரீடிங் கிளாஸ்... நிஜமாவே வேலை செய்யுதா, எப்படி செக் பண்ணுவது?

'90 நாள்ல உங்க குழந்தை சரளமா வாசிக்கும்!' ஜூன் மாசம் ஆனால் போதும், வாட்ஸ்அப் குரூப்பில் இந்த விளம்பரம் வந்துவிடும். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் அக்கா பையனும் இப்படி ஒரு கிளாஸுக்குப் போனான். மூணு மாசம் கழித்துப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கடகடவென வாசித்துக் காட்டினான். வீட்டில் ஒரே கைதட்டல். நான் அதே பக்கத்தின் நடுவில் ஒரு வார்த்தையைத் தொட்டு, "இது என்னடா?" என்றேன். முழித்தான். அத்தனையும் மனப்பாடம்!

அதனால், பழகிய புத்தகத்தை வைத்து டெஸ்ட் செய்யாதீர்கள். பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் 'அசர்' ஆய்வின் வழி ரொம்ப சிம்பிள். எழுத்துகள், சின்ன வார்த்தைகள், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு குட்டிக் கதை. குழந்தை எதுவரை வாசிக்கிறதோ, அதுதான் அதன் நிலை. இதை நீங்களே ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளலாம். 'ம' தெரிந்த குழந்தை 'மொ'வில் திணறும். அதனால் மொட்டு, கோழி மாதிரி வார்த்தைகளையும் கலந்து வையுங்கள். கிளாஸில் சேரும் முன்பே ஒருமுறை பார்த்துக் குறித்து வைப்பது முக்கியம்.

சரி, முன்னேற்றம் தெரிகிறது. அது கிளாஸால்தானா? அந்த மூணு மாசமும் குழந்தை பள்ளிக்கும் போயிருக்கிறதே!

நம்ம ஊர் 'இல்லம் தேடிக் கல்வி'யையே எடுத்துக்கொள்வோம். கொரோனாவில் விட்டதைப் பிடிக்க, 2021 அக்டோபரில் தொடங்கிய மாலை வகுப்புகள். அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தினார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. அதில் இந்த வகுப்புகளின் பங்கு சுமார் 24 சதவிகிதம். 'முன்பு, பின்பு' மட்டும் பார்த்திருந்தால், மொத்தப் பெருமையும் மாலை வகுப்புக்கே போயிருக்கும். (தன்னார்வலர்கள் நடத்திய வகுப்புக்குக் கால்வாசி என்பதே பெரிய விஷயம்தான்.)

2019-ல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ இருவரும் 2000-களின் தொடக்கத்தில் மும்பை, வதோதராவில் இன்னும் கறாராகப் பார்த்தார்கள். பின்தங்கிய குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர, பாதிப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக்கும், மீதியில் நான்காம் வகுப்புக்கும் உள்ளூர்ப் பெண்களை அனுப்பினார்கள். எந்தப் பள்ளிக்கு எது என்பது குலுக்கல் மாதிரிதான் முடிவானது. உதவி கிடைத்த வகுப்பின் மார்க் ஏறியது. ஆனால், திட்டம் முடிந்து ஓராண்டில் அந்தப் பலன் கணிசமாகக் கரைந்திருந்தது. அதனால் கிளாஸ் முடிந்த அன்று மட்டுமல்ல, சில மாதம் கழித்தும் வேறு கதையைக் கொடுத்துப் பாருங்கள்.

வீட்டில் நம்மால் குலுக்கல் போட முடியாது. ஆனால், பணம் கட்டும் முன் கேட்கலாம். முதல் நாள் டெஸ்ட் வைப்பீர்களா? வயதைப் பார்த்து உட்கார வைப்பீர்களா, வாசிக்கும் நிலையைப் பார்த்தா? போன பேட்ச்சில் பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர்? விளம்பர வீடியோவில் வருவது கடைசிவரை நின்ற குழந்தைகள் மட்டும்தானே! அக்கா போய் முதல் நாள் பேப்பரைக் கேட்டபோது, அப்படி ஒன்று எடுக்கவே இல்லை என்றார்கள். சர்டிஃபிகேட் மட்டும் லேமினேட் செய்து ரெடியாக இருந்தது.

பல மாசம் ஆகியும் குழந்தை எழுத்திலேயே நின்றால், அடுத்த கிளாஸ் தேடாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டுங்கள். டிஸ்லெக்ஸியா இருக்கிறதா என்றும் கேளுங்கள்.