மடுல்சீமையும் நிலவில் இறங்கிய மனிதரும்

மடுல்சீமை, இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளைக்குக் கிழக்கே பசறையைத் தாண்டி அமைந்த தேயிலைத் தோட்டப் பகுதி. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய சேதி இங்கே குரலாக வந்து சேர்ந்தது. நாட்டில் அப்போது தொலைக்காட்சி கிடையாது. அது 1979இல்தான் தொடங்கியது. ஆகவே நிலவுப் பயணத்தை நம்பியவர்களும் நம்பாதவர்களும் தோட்டத்தில் காதால் கேட்டதை வைத்தே முடிவுக்கு வந்தார்கள்.

‘கழுகு’ என்ற கலம் நிலவின் அமைதிக் கடலில் இறங்கியபோது இலங்கை நேரம் ஜூலை 21 அதிகாலை 1.47. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் தூங்கிக்கொண்டிருந்தன. வளர்பிறை நள்ளிரவுக்கு முன்பே மேற்கு மலைகளுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. நீல் ஆம்ஸ்ட்ரோங் ஏணியை விட்டு நிலவுத் தரையில் கால் வைத்தது காலை 8.26க்கு. அது திங்கட்கிழமை, பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கு முடிந்து, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிய பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் நேரம். அப்போதும் மடுல்சீமை வானில் நிலவு எழவில்லை.

ஆனால் அன்று மாலை இருட்டியபோது, ஏறத்தாழ அரைவட்டமாக நிலவு உச்சியில் நின்றது. ஆம்ஸ்ட்ரோங்கும் பஸ் அல்ட்ரினும் அந்த நேரம் கலத்துக்குள் இருந்தார்கள். மைக்கேல் கொலின்ஸ் தனியாக நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தார். இரவு 11.24க்குத்தான் கழுகு நிலவை விட்டுக் கிளம்பியது. ஊவாவில் ஜூலை, கச்சான் காற்று வீசித் தேயிலைக்கு மணம் ஏறும் வறண்ட பருவம். அன்றிரவு பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போய் நிமிர்ந்து நிலவைப் பார்த்தவர் எவராயினும், மனிதர் இருவர் தங்கியிருந்த நிலவைத்தான் பார்த்தார். இந்த மலைகளில் அந்த நாளைப் பற்றி எழுதுகிறவர் முதலில் சொல்லவேண்டியது இதுதான் என்பது என் எண்ணம்.

அந்தக் காலத்தில் இலங்கையின் நாட்காட்டியே நிலவைப் பார்த்து நடந்தது. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக, நிலவின் கட்டங்களைக் குறிக்கும் போயா நாள்களே வார விடுமுறை. தோட்டத்தில் அதற்கும் முந்திய கணக்கு ஒன்று உண்டு: மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவதும் பௌர்ணமியில் காமனை எரிப்பதும் பிறை பார்த்தே. நிலவில் வடை சுடும் பாட்டியைத் தமிழ்ப் பிள்ளைகள் கண்டார்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள் அதே கறையில் முயலைக் கண்டார்கள். பிறை தொழுது வளர்ந்தவருக்கு, அதன்மேல் சப்பாத்துக் கால் பட்டது என்ற சேதி உடனே செரிக்காது. அந்தத் தயக்கத்தில் கள்ளம் இல்லை. சேதி வந்த வழியும் ஒடுங்கியது: வானொலிச் செய்தி, மறுநாள் பஸ்ஸில் வரும் வீரகேசரி, தினகரன், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்பது.

அந்த ஆண்டு தோட்ட மக்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. 1969இல் அதற்கான விண்ணப்பங்கள் லயங்களில் நிரப்பப்பட்டுக்கொண்டிருந்தன. மனிதகுலம் முழுவதற்காகவும் வந்தோம் என்று நிலவில் பலகை வைக்கப்பட்டபோது, இங்கே ஒரு குடும்பம் தான் எந்த நாட்டுக் குடும்பம் என்பதற்குக் காகிதம் தேடிக்கொண்டிருந்தது. எட்டாத உயரத்திலிருந்து வரும் அறிவிப்பை அவர்கள் எளிதில் நம்பாததற்கு நியாயம் இருந்தது.

தமிழில் நிலவுப் பயணத்தைப் பற்றிய பகடி இருவகை. ஆம்ஸ்ட்ரோங் இறங்கியபோது பாட்டி வடை கொடுத்தாளா என்பது ஒன்று. அங்கே ஏற்கெனவே ஒரு நாயர் டீக்கடை போட்டிருந்தார் என்பது மற்றது. தேயிலை விளையும் ஊரில் இரண்டாவதற்குச் சுவை கூடும். இரண்டுமே பயணம் நடந்தது என்று ஏற்றுக்கொண்ட பிறகு பிறக்கும் சிரிப்பு.

‘நடக்கவே இல்லை’ என்ற வாதம் வேறு இடத்தில் பிறந்தது. 1976இல் பில் கேசிங் என்ற அமெரிக்கர், மனிதர் நிலவுக்குப் போகவே இல்லை என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். 2001இல் ஃபொக்ஸ் தொலைக்காட்சி அதே ஐயங்களை நிகழ்ச்சியாக்கிப் பரப்பியது. இப்போது அவை தமிழ்க் குரலில் கைப்பேசிக்கு வருகின்றன. கொடி ஏன் விரிந்து நிற்கிறது? வானில் நட்சத்திரம் எங்கே? நிழல்கள் ஏன் ஒரே திசையில் இல்லை?

பதில்களுக்கு மடுல்சீமையை விட்டு வெளியே போகத் தேவையில்லை. மாலை வெயிலில் தேயிலை மலைச் சரிவில் நின்று இரண்டு நிழல்மரங்களைப் பார்க்கலாம். மேட்டில் விழும் நிழல் குறுகும், பள்ளத்தில் இறங்கும் நிழல் நீளும், இடையில் கான் வெட்டியிருந்தால் மடங்கும். சூரியன் ஒன்றுதான், தரைதான் கோணல். கோயில் திருவிழாவில், மின்விளக்கு வெளிச்சத்தில் சப்பரத்தைக் கைப்பேசியில் படமெடுத்தால் மேலே வானம் கறுப்பாகவே விழும். பளிச்சென்ற பொருளுக்கு அளவு வைத்த கமெரா மங்கலான நட்சத்திரங்களைப் பிடிக்காது. நிலவுக் கொடியின் மேல் விளிம்பில் ஒரு குறுக்குக் கம்பி கோத்திருந்தார்கள். கயிற்றில் காயும் சேலைக்கு விளக்கம் சொல்லத் தெரிந்தவருக்கு இதுவும் விளங்கும்.

மிகப் பெரிய சான்று மண்ணும் கல்லும். ஆறு அப்பல்லோ தரையிறக்கங்களில் 382 கிலோ வந்தது. அந்த மண்ணில் உயிர்களுக்கு அடிப்படையான கரிமச் சேர்மங்களைத் தேடியவர்களில் காலியில் 1923இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த சிறில் பொன்னம்பெருமவும் ஒருவர். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய அவர் பின்னாளில் கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்குத் தலைமை தாங்கினார். புரளியை நம்புகிறவர்களோடு பேசும்போது நம் நாட்டவரான இவர் பெயரைச் சொல்லாமல் விடுவது பெரும் குறை. அப்பல்லோ 11, 14, 15 ஆகியவை வைத்துவிட்டு வந்த கண்ணாடிகள் இன்றும் பூமியிலிருந்து செல்லும் லேசர் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. இந்தியாவின் சந்திரயான் 2 எடுத்த படத்திலும் கழுகின் அடிப்பகுதி தெரிகிறது.

சந்திரயான் 3 நிலவின் தென்பகுதியில் இறங்கியது 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்கு. திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். இந்த முறை கைப்பேசியிலேயே நேரடியாகப் பார்க்க முடிந்தது. அன்றும் மடுல்சீமை வானில் ஏறத்தாழ அரைநிலாதான். கழுகு, சந்திரயான் 3 இரண்டுமே, இறங்கும் இடத்தில் சூரியன் தாழ நிற்கும் நிலவுக் காலைப் பொழுதை நாடிச் சென்றவை. தாழ்ந்த வெயிலில் மேடு பள்ளம் நீண்ட நிழலால் தெரியும். புரளிக்காரர்கள் விரல் நீட்டும் நிழல்கள் அந்த வெயிலில் விழுந்தவைதான்.