நான்கு மணி நேரமும் பத்து நிமிடங்களும்



“நம் லூமுட் கடற்கரைக்கும் சுனாமி வருமா, டீச்சர்?” என்று ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வினவினாள். அவளுக்கு நான் வரலாற்றையே விடையாகக் கூறினேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரம் காலை 9 மணிக்குச் சற்று முன்னர், சுமத்திராவின் வடமேற்கே கடலடியில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. பினாங்கை அடைய ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆயிற்று. ஆயினும் கரையில் இருந்தோருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 6,000 பேர் மாண்டனர். சுமத்திராத் தீவு குறுக்கே நின்று அலையைத் தணித்தும், மலேசியாவில் 68 உயிர்கள் பறிபோயின. அவற்றுள் பெரும்பாலானவை பினாங்கில்.

நிலநடுக்க மையத்திற்கு அருகிலிருந்த சிமியூலு தீவினருக்குக் கிடைத்தவையோ ஏறத்தாழ பத்து நிமிடங்களே. அங்கு வாழ்ந்த சுமார் 78,000 மக்களுள் ஆழிப்பேரலையால் இறந்தோர் எழுவர் மட்டுமே! காரணம், ஒரு கதை. 1907இல் அத்தீவை ஆழிப்பேரலை சூறையாடியது. நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை, ‘ஸ்மோங்’ என்ற பெயரில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர்.

மலேசியாவில் 2005இலும் இந்தியாவில் 2007இலும் எச்சரிக்கை மையங்கள் அமைந்தன. கருவிகள் தேவைதான், அவற்றோடு கதையும் தேவை.

“வரலாம், அம்மா. கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்காதே, மேட்டுக்கு ஓடு” என்றேன். இன்றிரவு உங்கள் பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லுங்கள்.