அல்லி அரசாணி: கதையும் வரலாறும்

பெண்ணொருத்தியின் சொற்படி நடக்கும் வீட்டைக் கண்டால், "அங்கே அல்லி இராச்சியம்" என்று நம்மவர் ஏளனமாகக் கூறுவதுண்டு. ஒரு நாள் வகுப்பிலே மாணவன் ஒருவன் இச்சொல்லைக் கூற, மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அல்லி என்று ஒருத்தி உண்மையில் இருந்தாளா?" என்று என்னைக் கேட்டாள். அவளுக்குக் கூறிய விடையையே இன்று உங்களுக்கும் விரித்துக் கூற விழைகின்றேன்.

முதலில் கதையை நோக்குவோம். 'அல்லியரசாணி மாலை' பெரிய எழுத்துப் புத்தகமாகப் பன்முறை அச்சேறியது. முன்னாளிலே ஒருவர் இராகத்தோடு படிக்க, முற்றத்திலே பலர் கூடியிருந்து கேட்பர். பாண்டியன் மகளாகிய அல்லி, தன் குலத்து அரசைக் கவர்ந்தவனை வென்று மதுரையில் முடி சூடுகின்றாள். அவளுடைய அமைச்சரும் பெண்கள், படையினரும் பெண்கள். ஆடவர் முகம் நோக்காது அவள் ஆள்கின்றாள். அவளை மணக்க விரும்பி வருகின்றான் அருச்சுனன். வில் விசயன் என்று பாரதம் போற்றும் அவ்வீரன், போரில் வென்று அவளைக் கைப்பிடித்தானா? இல்லை. கண்ணனுடைய மாயத்தால் பாம்பாகி, அவள் பள்ளியறையிற் புகுந்து, உறங்குபவள் கழுத்திலே தாலியைக் கட்டுகின்றான்! விழித்தெழுந்த அல்லி சினத்தீ மூண்டு நிற்கின்றாள். சினமும் போருமாகக் கதை வளர்ந்து, ஈற்றில் அவள் அவன் மனைவியாகிப் புலந்திரன் என்னும் மைந்தனுக்குத் தாயாகின்றாள்.

இப்பாடல் நளவெண்பா பாடிய புகழேந்திப் புலவர் பெயரால் வழங்குகின்றது. ஆயின் நடையை நோக்கிய அறிஞர், இஃது அவர் வாக்கன்று என்பர். பாடியவர் எவராயினும், அவர் ஒன்றை மறைக்கவில்லை. அல்லியை வென்றது வீரமன்று, வஞ்சனையே என்பதை வெளிப்படையாகவே பாடி வைத்தார். அதனைக் கேட்டு வளர்ந்த நாமோ வஞ்சித்தவனை விட்டுவிட்டு, வஞ்சிக்கப்பட்டவள் பெயரை ஏளனச் சொல்லாக்கிக் கொண்டோம்.

இனி, வரலாறு யாது கூறும்? வடமொழிப் பாரதத்திலே அல்லி இல்லை. அருச்சுனன் தீர்த்த யாத்திரையின்போது சித்திரவாகனன் என்னும் அரசனின் மகள் சித்திராங்கதையை மணந்தான் என்று மட்டும் உண்டு. அங்கே அவள் வாளேந்திய வீராங்கனையாகக் காட்டப்படவில்லை. வில்லிபுத்தூரார் தமிழிற் பாடியபோது அவளைப் பாண்டியன் மகளாக்கினார். அக்குலமகளை நாட்டுப்புறப் புலவர் படைத்தலைவியாகவும் ஆக்கினர். இவ்வெண்ணம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

இற்றைக்கு ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன், சந்திரகுப்த மௌரியனிடம் தூதராக வந்த யவனர் மெகஸ்தனிஸ், தாம் கேட்டறிந்தவற்றை எழுதினார். எராக்கிளிஸ் தன் மகள் பண்டையாவுக்கு ஒரு நாட்டையும், 500 யானைகளையும், 4,000 குதிரைகளையும், 1,30,000 காலாட்களையும் அளித்தான் எனவும், கடலிற் கண்ட முத்தை அவளுக்கு அணியாகச் சேர்த்தான் எனவும் அவரைத் தழுவி அரியன் கூறுகின்றார். இந்தியருள் பெண்களால் ஆளப்படுவோர் பண்டையர் மட்டுமே என்று பிளினி எழுதினார். பெயரையும் முத்தையும் சேர்த்து நோக்கி, இது பாண்டி நாட்டைக் குறித்த செய்தி என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். மதுரையிலே முடிசூடித் திக்குவிசயஞ் செய்த தடாதகைப் பிராட்டியாரின் கதையைத் திருவிளையாடற் புராணமும் விரித்துரைக்கின்றது.

இவற்றால் அல்லி வாழ்ந்தாள் என்பது நிறுவப்படுமா? படாது. ஆயினும், பாண்டி நாட்டோடு பெண்ணரசை இணைத்துப் பேசும் வழக்கு மிகப் பழையது என்பது புலப்படும்.

அவ்வழக்கு நம் நாட்டுக் கரையையும் தொட்டது. மன்னாருக்குத் தெற்கே, முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற அரிப்பிலே, கடலரித்த மேட்டில் இடிந்த மாளிகை ஒன்று நிற்கின்றது. அதனை 'அல்லிராணி கோட்டை' என்பர். உண்மையில் அது ஆங்கிலேயத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 1801 முதல் 1804 வரை கட்டுவித்த மாளிகை. அதன் தூண்கள் கிரேக்கப் பாணியின. கட்டுவித்த தேசாதிபதியை ஊரார் மறந்தனர். ஒரு கல்லும் எடுத்து வையாத அல்லியின் பெயரை அதற்கு இட்டனர். அங்கிருந்து மேலும் தெற்கேயுள்ள குதிரைமலையிலும் அவள் அரண்மனை இருந்ததென்று கர்ணபரம்பரை கூறும்.

ஆதலால் அம்மாணவிக்கு நான் கூறிய விடை இதுவே: "அல்லி இருந்தாள் என்று வரலாற்றாசிரியன் சொல்லமாட்டான். ஆனால் பெண் படை நடத்துவாள், நாடாள்வாள், நேர் நின்று பொருதால் அருச்சுனனுக்கும் அடங்காள் என்று நம் முன்னோர் நம்பிப் பாடினர் என்பது வரலாறு. மாளிகை எவருடையது என்பதில் ஊரார் தவறினார்கள். முத்துக்கரையின் அரசி ஒருத்தியை மறவாதிருந்ததில் அவர்கள் தவறவில்லை."

அவள் தன் அருகிலிருந்த மாணவனைத் திரும்பிப் பார்த்தாள். அதன்பின் அச்சொல்லை அவ்வகுப்பிலே நான் கேட்டதில்லை.