இரண்டாகப் பிரிந்த மூளையும் ஒற்றை 'நானு'ம்

'நான்' என்று சொல்லும்போது யாரைக் குறிக்கிறோம்? அறிஞர் இப்னு சீனா (980 - 1037) இதற்கு ஒரு கற்பனையைச் சொன்னார். கண்கள் மறைக்கப்பட்டு, உறுப்புகள் ஒன்றையொன்று தொடாமல், வெளியில் மிதக்கும் ஒரு மனிதன் படைக்கப்படுகிறான். தன் உடலைப் பற்றி எதுவும் அறியாத அவனும் 'நான் இருக்கிறேன்' என்பதை அறிவான் என்றார். அந்த 'நான்' ஒன்றுதானா என்ற ஐயத்தைப் பிற்காலத்தில் கிளப்பியது ஒரு சத்திரசிகிச்சை.

1962 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் போகன், வோகல் என்னும் வைத்தியர்கள், கடும் வலிப்பு நோயாளி ஒருவரின் மூளைப் பாதிகளை இணைக்கும் நரம்புக் கற்றையை வெட்டினர். சுமார் 20 கோடி இழைகள் கொண்ட கற்றை அது. நமது தோட்டத்து மேற்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் இடையிலுள்ள பாலம் உடைந்தது போலத்தான். வலிப்புத் தணிந்தது. ஆனால் ஒரு பாதி கண்டதை மறு பாதி அறியவில்லை. இதை ஆராய்ந்த ரொஜர் ஸ்பெரிக்கு 1981 இல் நோபல் பரிசு கிடைத்தது.

அவரது மாணவர் கஸானிகா பின்னர் லெடூ என்பவருடன் செய்த சோதனை புகழ்பெற்றது. நோயாளியின் இடப்பாதி மூளைக்குக் கோழிக் காலும், வலப்பாதிக்குப் பனி மூடிய காட்சியும் காட்டப்பட்டன. வலப்பாதி ஆளும் இடக்கை மண்வாரியின் படத்தைச் சுட்டியது. ஏன் என்று கேட்டதும், பனியைக் காணாத, பேசத் தெரிந்த இடப்பாதி தயங்காமல் சொன்னது: கோழிக்கூட்டைத் துப்புரவாக்க மண்வாரி வேண்டுமே!

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற தமிழர் வி.எஸ். ராமச்சந்திரன் 2006 இல் ஓர் உரையில் இன்னொரு நோயாளியைப் பற்றிச் சொன்னார். 'இறைவனை நம்புகிறாயா?' என்ற வினாவுக்கு ஒரு பாதி 'ஆம்' என்றது. மற்றப் பாதி 'இல்லை' என்றது. அப்படியானால் மறுமையில் இவர் செல்லுமிடம் எது என்று அவர் நகைச்சுவையாகக் கேட்டார். நமக்கு அது வெறும் நகைச்சுவையல்ல. கேள்வி கணக்கு ஒருவரிடமா, இருவரிடமா?

இருவர் என்று முடிவுகட்டவும் இயலாது. 2017 இல் பின்டோ குழுவினர் இத்தகைய இருவரைச் சோதித்தனர். இரு பக்கக் காட்சிகளையும் அவர்களால் ஒப்பிட முடியவில்லை. ஆயினும் எப்பக்கம் தோன்றியதையும் எந்தக் கையாலும், வாயாலும் தெரிவித்தனர். காட்சி பிளந்தாலும் உணர்வு பிளக்கவில்லை என்பது அவர்கள் கருத்து. விவாதம் முடிந்தபாடில்லை.

ஒன்று மட்டும் தெளிவு. நாவு சொல்லும் காரணம் எப்போதும் செயலின் காரணமல்ல. சொல்பவர் பொய்யரும் அல்லர். 'ஏன் செய்தாய்?' என்று பிள்ளையை அதட்டும் ஆசிரியரும், ஒருவரின் ஈமானை ஒரு வாக்கியத்தால் எடைபோடுபவரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நிய்யத்தை முழுதும் அறிபவன் அல்லாஹ் ஒருவனே என்று நாம் ஓதி வருவதும் இதைத்தானே!