வளர்ந்த நாயைத் தத்தெடுக்கலாமா? காப்பகத்துக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நாய் தத்தெடுக்க காப்பகத்துக்கு வரும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "குட்டி இருக்கா?" என்பதுதான். குட்டிகள் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்துவிடும். ஆட்களைப் பார்த்ததும் வாலாட்டி ஓடிவரும் மூன்று வயது, ஐந்து வயது நாய்கள் மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் அங்கேயே காத்திருக்கும். முதல்முறையாக நாய் வளர்க்க நினைக்கும் பல குடும்பங்களுக்குப் பொருத்தமானது அந்த வளர்ந்த நாய்தான். ஏன்?

வளர்ந்த நாய் என்றால் எத்தனை வயது?

இனத்தையும் உடல் அளவையும் பொறுத்து, ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் நாயின் உடல் முழு வளர்ச்சியை எட்டிவிடும். அதன் பிறகு வளர்ந்த நாய்தான். நல்ல சாப்பாடு, தடுப்பூசி, பாதுகாப்பு கிடைத்தால் நாட்டு நாய் 12 வயதைத் தாண்டியும் வாழும். அதாவது, நான்கு வயது நாயைக் கூட்டி வந்தாலும் அது உங்களோடு இருக்கப்போகும் காலம் கொஞ்சநஞ்சமல்ல.

இந்த நாய்கள் ஏன் காப்பகத்தில் இருக்கின்றன?

"ஏதோ பிரச்சினை இருக்கப்போய்தான் விட்டுட்டாங்க" என்பது பொதுவான சந்தேகம். ஆனால் பல நேரங்களில் பிரச்சினை நாயிடம் இருப்பதில்லை. வாடகை வீடு மாறியது, வேலைக்காக வெளியூர் போனது, வீட்டில் குழந்தை பிறந்தது, வளர்த்தவர் இறந்துபோனது என்று காரணம் மனிதர்களின் பக்கமே இருக்கும். 2023-ம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடை செய்யப்பட்ட தெருநாயை பிடித்த இடத்திலேயே விடுவதுதான் பொதுவான நடைமுறை. அதனால் காப்பகத்தில் தங்கிவிடும் நாய்களில் கைவிடப்பட்ட வளர்ப்பு நாய்களும், விபத்தில் அடிபட்டு மீண்டவையும் நிறைய இருக்கும். வீட்டில் வளர்ந்து பழகிய நாயால் தெருவில் சமாளிப்பது கஷ்டம்.

குட்டியிலிருந்து வளர்த்தால்தான் பாசமாக இருக்குமா?

அப்படி எதுவும் இல்லை. சாப்பாடு வைத்து, நடக்கக் கூட்டிப்போய், நேரம் ஒதுக்குபவரோடு எந்த வயதிலும் நாய் ஒட்டிக்கொள்ளும்.

குட்டி வளர்ந்தபின் எவ்வளவு பெரிதாகும், குணம் எப்படி மாறும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. வளர்ந்த நாயிடம் அது கண்முன்னே தெரியும். பூனையோடு ஒத்துப்போகுமா, குழந்தைகளிடம் பொறுமையாக இருக்குமா என்பதை தினமும் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களே ஓரளவு சொல்லிவிடுவார்கள். குட்டிகளின் உயிரை அதிகம் பறிக்கும் பார்வோ வைரஸ் ஆபத்தும், தடுப்பூசி முறையாகப் போடப்பட்ட வளர்ந்த நாய்க்குக் குறைவு.

நட்பான நாய் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வால் ஆடுவதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. பதற்றத்தில் இருக்கும் நாயும் வாலாட்டும். உடல் விறைப்பில்லாமல் இருக்கிறதா, தானாகப் பக்கத்தில் வந்து மோந்து பார்க்கிறதா, கையை எடுத்ததும் "இன்னும் தடவு" என்பதுபோல மறுபடி நெருங்குகிறதா என்று பாருங்கள். கூண்டுக்குள் ஓயாமல் குரைக்கும் நாய், வெளியே கூட்டிப்போனால் சாதுவாக நடக்கலாம். அதனால் வெளியே நடத்திப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு மூன்று முறை போய்ப் பார்ப்பது நல்லது. வீட்டில் உள்ள எல்லோரும், முக்கியமாக குழந்தைகளும் பெரியவர்களும், ஒருமுறையாவது கூடப் போக வேண்டும்.

காப்பகத்தில் கேட்க வேண்டியவை

* ரேபிஸ் தடுப்பூசி கடைசியாகப் போட்ட தேதி என்ன? அட்டை இருக்கிறதா?
* கருத்தடை ஆகிவிட்டதா? (காதில் சின்ன வெட்டு அடையாளம் இருந்தால் அது கருத்தடை செய்யப்பட்ட தெருநாய்.)
* யாரையாவது கடித்திருக்கிறதா? எந்தச் சூழ்நிலையில்?
* தனியாக விட்டால் எப்படி இருக்கும்? எதைக் கண்டால் பயப்படும்?
* ஒத்துவராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?

முதல் மூன்று மாதங்கள்

காப்பகங்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: பதற்றம் தணிய மூன்று நாள், வீட்டின் பழக்கம் புரிய மூன்று வாரம், "இது நம்ம வீடு" என்று நம்ப மூன்று மாதம். இது ஒரு தோராயம்தான். சில நாய்களுக்கு இன்னும் அதிக காலம் ஆகும்.

காப்பகத்தில் ஓடிவந்து விளையாடிய நாய், வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். சாப்பிடாமல் இருக்கலாம், உள்ளேயே சிறுநீர் கழிக்கலாம். "நாங்க பார்த்த நாயே இல்ல இது" என்று சிலர் திருப்பிக் கொண்டுபோய் விடுவது இந்தக் கட்டத்தில்தான். அப்படித் திரும்பி வரும் நாய்க்கு அடுத்த வீடு கிடைப்பது இன்னும் கடினமாகிறது. அவசரப்படாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

முதல் வாரம் சொந்தக்காரர்களை வரவழைத்துக் காட்ட வேண்டாம். நடக்கவும் சாப்பிடவும் ஒரே நேரத்தைக் கடைப்பிடியுங்கள். உணவை ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு கொடுக்கவே கூடாது. கதவு திறக்கும்போது கழுத்துப்பட்டையும் கயிறும் கையில் இருக்கட்டும். புது இடத்தில் வெளியே ஓடிவிட்டால் திரும்பி வர வழி தெரியாது. தீபாவளி சமயத்தில் இன்னும் கூடுதல் கவனம் தேவை.

சட்டம் என்ன சொல்கிறது?

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். மற்ற ஊர்களில் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். அடுக்குமாடி குடியிருப்பில் பெரும்பான்மை ஓட்டெடுப்பு நடத்தினாலும் செல்லப்பிராணி வளர்ப்பதைச் சங்கம் தடை செய்ய முடியாது என்கின்றன இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல்கள். அதேசமயம் பொது இடத்தில் கயிறு பிடித்து நடத்துவதும், அசுத்தம் செய்தால் சுத்தப்படுத்துவதும் வளர்ப்பவர் பொறுப்பு. பசி, தாகத்தில் தவிக்கும்படி நாயைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

யார் தத்தெடுக்க வேண்டாம்?

நாள் முழுக்க வீடு பூட்டிக் கிடப்பவர்கள், அடுத்த வருடம் வெளிநாடு போகும் திட்டத்தில் இருப்பவர்கள், வீட்டு உரிமையாளரிடம் இன்னும் கேட்காதவர்கள், வீட்டில் ஒருவருக்காவது விருப்பம் இல்லாதவர்கள் கொஞ்சம் பொறுத்திருப்பது நல்லது. அவர்களுக்கும் வழி இருக்கிறது. தற்காலிகமாகச் சில வாரங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது, ஒரு நாயின் உணவுச் செலவை ஏற்பது, வார இறுதியில் போய் நடத்திக்கொண்டு வருவது போன்ற உதவிகளைப் பல காப்பகங்கள் ஏற்றுக்கொள்கின்றன. மனிதர்களோடு தொடர்ந்து பழகும் நாய் கூச்சம் விட்டு நிற்கும். அடுத்து வீடு தேடி வருபவர் கண்ணில் அது படுவதற்கும் அதுவே உதவும்.