ஒரு பகெத் வீடு போய்ச் சேரும் வழி

பாரிஸ் கண்விழிக்கும் முன்பே பேக்கரியில் பகெத் என்ற நீள ரொட்டிக்கான மாவு உப்பிவிடும். நீளமாக உருட்டி, பிளேடால் மேலே சாய்வாகக் கீறி, ஆவி நிறைந்த அடுப்புக்குள் தள்ளுவார்கள். சூட்டில் கீறல் வாய் திறக்கும். வெளியே எடுத்ததும் மேலோடு சடசடக்கும். 'ட்ரடிஸ்யோன்' (மரபு) வகை பகெத்தின் மாவை உறைய வைக்கக் கூடாது என்கிறது 1993-ஆம் ஆண்டின் அரசாணை.

கடைக்குள் நுழைபவரின் முதல் சொல் 'பகெத்' அல்ல, 'போன்ஜூர்' (வணக்கம்). அதைச் சொல்லாமல் நேரே ரொட்டி கேட்டுப் பாருங்கள். கடைக்காரம்மா அழுத்தமாக 'போன்ஜூர்' என்பார், பதில் வரும்வரை ரொட்டிப் பக்கம் திரும்பமாட்டார். பிரெஞ்சுக்காரர்களுக்குத் தலைக்கனம் என்று குறைப்படுபவர்களில் பலர் இந்த ஒரு சொல்லை விழுங்கியவர்களே என்பது என் எண்ணம். கடைக்காரரும் ஒரு மனிதர், அவரை முதலில் பார், பிறகு வாங்கு என்கிறது அந்தச் சொல். நன்றாகச் சிவந்ததா, சற்று வெளிறியதா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். கிளம்பும்போது 'மெர்சி, ஓர்வுவா' (நன்றி, போய்வருகிறேன்).

இடுப்பில் மட்டும் காகிதம் சுற்றிய பகெத் தெருவுக்கு வருகிறது. நடந்துகொண்டே தின்பதை அங்கே பெரியவர்கள் விரும்புவதில்லை. ஆனால் சூடான பகெத்தின் நுனியைக் கிள்ளித் தின்றால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

வீட்டுச் சாப்பாட்டில் அதற்குத் தனித்தட்டு கிடையாது. மேசை விரிப்பின் மேலேயே, தட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும். தன் துண்டைக் கத்தியால் அறுப்பதும் கடிப்பதும் அழகல்ல; கையால் வாய் அளவுக்குப் பிய்க்க வேண்டும். கவிழ்த்து மட்டும் வைத்துவிடாதீர்கள். மரண தண்டனை நிறைவேற்றுபவனுக்கு ஒதுக்கிய ரொட்டியை அந்தக் காலத்தில் அப்படித்தான் வைத்தார்களாம். பார்த்ததும் பாட்டி நிமிர்த்தி வைப்பார். ரொட்டி மொழிக்குள்ளும் புகுந்திருக்கிறது: நண்பனைக் குறிக்கும் 'கொப்பேன்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் வேரே, ரொட்டியைப் பகிர்ந்து உண்பவன் என்பதுதான்.

சில பகெத்துகள் போய்ச் சேரும் வீடு ஒரு மாளிகை. பாரிஸின் சிறந்த பகெத்துக்கான போட்டியில் 2023-இல் வென்றவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. வென்றவரின் ரொட்டி ஓராண்டு ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்குப் போகும்.

வீட்டில் மிஞ்சிய பகெத் மறுநாள் கட்டையாகிவிடும். அப்போதும் குப்பைக்குப் போகாது. பாலிலும் முட்டையிலும் தோய்த்து வெண்ணெயில் வாட்டுவார்கள். அதற்கு 'பேன் பெர்தூ', அதாவது 'இழந்த ரொட்டி' என்று பெயர்.